நெட்டியார் தொட மறுத்த முதுகு

சிங்கப்பூரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தமிழர் யாரைப் பார்த்தாலும், நெட்டியாரிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

நெட்டியார் என்றதும் செட்டியாருக்கு ஒன்றுவிட்ட சொந்தமோ என்று நினைக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். ஜாலான் புசாரில், ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில், ‘கைரோபிராக்டர்’ என்று பலகை மாட்டியிருப்பவர் அவர். முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திப் பிடிப்பைத் தளர்த்துவார். அப்போது மளுக்கென்று ஒரு சத்தம் வரும். நாமெல்லாம் விரலில் முறிக்கும் நெட்டியை இவர் முதுகில் முறிக்கிறாரே என்று நம் ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பயங்கரக் கோபம்.

“சத்தத்துல ஒண்ணுமில்லை லா! சத்தம்தான் வேணும்னா அப்பளம் வாங்கி நொறுக்கிக்குங்க. பாதி வலி நீங்க உக்கார்ற லட்சணத்தால வருது!”

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெரியவர்கள் காலில் விழக் குனிந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கர்ஜனை: “மாப்பிள்ளை, இடுப்பை வளைக்காதீங்க! முட்டியை மடக்குங்க!” நாதஸ்வரமே நின்றுவிட்டது. மாப்பிள்ளை பயந்துபோய் முட்டியை மடக்கித்தான் விழுந்தார்.

சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் பெட்டி தூக்கியே தேய்ந்த முதுகு என்னுடையது. அவர் கைவைத்தியமும், சொல்லிக்கொடுத்த பயிற்சிகளும் அதை இரண்டு வருஷம் ஓட்டின. போன வருஷம் ஒரு நாள் காலையில் வலி வேறு மாதிரி வந்தது. இடது கால் துணி மாதிரி துவண்டது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி, அவர் கட்டிலில் விழுந்தேன்.

“சார், ஒரே ஒரு நெட்டி. பலமா எடுத்து விடுங்க.”

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

இடையில் ஒரு துணித்திரைதான். வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

“மெதுவா கேளுங்க சார்!”

“போனீங்களா, இல்லையா?” இன்னும் சத்தமாகக் கேட்டார்.

“முட்டிக்கிட்டு நிக்குது, போக மாட்டேங்குது.”

“உக்கார்ற இடம் மரத்துப் போச்சா?”

தலையாட்டினேன். முதுகை நோக்கி வந்த கை அப்படியே நின்றது.

“தொட மாட்டேன். இது என் கேஸ் இல்லை. ஆஸ்பத்திரி, இப்பவே.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்புறம் எதுக்கய்யா பலகை மாட்டி வெச்சிருக்கீங்க?”

“திட்டறதை டாக்சியில வெச்சுக்கலாம். கிளம்புங்க.”

காத்திருந்த ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்பி, கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே ஏறினார். வழியில் டாக்சி அங்கிளிடம், “சீட்டை முன்னால தள்ளுங்க, முதுகு என்னத்துக்காகும்?” என்று அவரையும் விடவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், ஜவ்வு பிதுங்கி நரம்புக் கொத்தை நசுக்குகிறது, இன்றே ஆபரேஷன் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் நடையும் போய், சிறுநீருக்கு ஆயுசு முழுக்கக் குழாய்தான் என்றார். உள்ளே நான் மயக்கத்தில் கிடந்தபோது வெளியே நெட்டியார் தலையைக் கையில் தாங்கி, கூன் போட்டு உட்கார்ந்திருந்தாராம். மனைவி சொன்னபோது நான் நம்பவே இல்லை.

மூன்று மாதம் கழித்துக் கோலோடு அவரைப் பார்க்கப் போனேன். “வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்” என்று லிட்டில் இந்தியாவுக்கு நடத்தியே கூட்டிப்போனார். ஓட்டமும் நடையுமாகப் போகிற ஆசாமி அவர். அன்று எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் ஏதாவதொரு கடை வாசலில் நின்று, எதையாவது எடுத்து விலை கேட்டார். பூக்கடை, பாத்திரக்கடை, கடைசியில் ஒரு சேலைக்கடை. அங்கே நான் மூச்சு வாங்கி முடிக்கிறவரை ஒரு பட்டுச் சேலையை விரிக்கச் சொல்லி, முந்தானை நன்றாயிருக்கிறதா என்று என்னையே கேட்டார், கல்யாணமே ஆகாத அந்த மகராசன்.