பதினோரு ஈய முத்திரைகள்

சுவர்ப் பெட்டியில் எண்பத்திரண்டு என்று இருந்தது. மீட்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். எண்பத்தொன்று.

"மணி பதினொன்றரை. மண்டையைப் பிளக்கிற வெயில். பேட்டரி ஏறணும். இது ஏன் இறங்குது?" என்று பெட்டியிடமே கேட்டார்.

பெட்டி பதில் சொல்லவில்லை. மிச்சம் எத்தனை சதவீதம் என்று மட்டும் காட்டுகிற சாதாரணப் பெட்டி அது. தின்பது யார் என்று காட்டிக்கொடுக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

மீட்டர் ஐயா மின்சார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் பரிசோதகராக இருந்தவர். திருட்டுக் கரண்ட் எடுக்கிற வீட்டைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். அவர் குடும்பத்தில் யாரும் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கியதில்லை. இன்று அப்படி ஒரு வாக்குதான் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மாடியில் பதித்த சோலார் தகடுகளை மட்டும் நம்பி வீடு ஓட வேண்டும். ஓடினால், மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டு மொட்டை மாடியைச் சம்பந்தி சோலாருக்குத் திறந்துவிடுவார். மகளும் மருமகனும் இரண்டு வருடம் கெஞ்சியும் நடக்காத காரியம் அது. ஓடாவிட்டால், மீட்டர் ஐயா தன் தகடுகளைத் தன் கையாலேயே கழற்றி இறக்க வேண்டும்.

சம்பந்தி லேசுப்பட்டவர் அல்ல. அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கரியைக் குறை சொன்னால் தன் குலத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார். காலையில் வண்டி வந்த சத்தமே கேட்காமல் வாசலில் வந்து நின்று, "ஆரம்பிக்கலாமா சம்பந்தி?" என்றவர், டிரைவரை மட்டும் பின்பக்கம் அனுப்பிவிட்டார். "வண்டி நிழல்ல நிக்கட்டும். வெயில்ல பெயின்ட் போயிடும்."

மீட்டர் ஐயாவின் ஏற்பாட்டில் குறையே இல்லை. முந்தின நாளே வீட்டுக்குள் இருந்த பதினோரு பிளக் பாயின்ட்டுக்கும் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துவிட்டார். தோட்டத்து மோட்டாரின் ஒயரையும் பிளக்கிலிருந்து பிடுங்கிச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, இவ்வளவுதான் பாக்கி.

"என்ன சம்பந்தி, எண்பத்தொண்ணா?" சோஃபாவில் சாய்ந்தபடி கேட்டார் சம்பந்தி.

"மேகம் ஒண்ணு குறுக்கே போச்சு."

"நான் மேகத்தையே பாக்கலையே. சரி, இன்னும் முப்பது வருஷத்துல உலகத்துக்கு எவ்வளவு கரண்ட் வேணும் தெரியுமா? அதையெல்லாம் உங்க மாடி குடுத்துடுமா?"

"என் மாடி என் வீட்டுக்குக் குடுக்கும். உங்க மாடி உங்க வீட்டுக்கு. கடலோரத்துக் காத்து ஆலைக்கு, ஆத்துத் தண்ணி ஊருக்கு. முதல்ல வீணாக்கற சாமானைத் தூக்கிப் போட்டு, கொஞ்சமா தின்னு நிறைய வேலை செய்யறதை வைக்கணும். அப்புறம் பாருங்க, உலகத்துக்கே மிச்சமாகும்."

சொல்லும்போது பெட்டி எழுபத்தெட்டு காட்டியது.

மீட்டர் ஐயா சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை நிறுத்தினார்.

"அப்பா, இந்த வீட்டிலேயே கம்மியா கரண்ட் எடுக்கறது அதுதான்!" என்றாள் மகள். மாமனாருக்கு முன்னால் அப்பாவுக்குத் துணை நிற்க வேண்டும் என்று நேற்றே வந்துவிட்டவள்.

"யாரையும் நம்பறதுக்கில்ல."

ஒரு மணிக்கு ஐஸ் உருகிக் கூடம்வரை வந்தது. சம்பந்தியின் காலுறை நனைந்தது. பெட்டியில் அறுபது.

ஐயா ஃபேனை நிறுத்தினார். சம்பந்தி செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

"இது சிக்கனம் இல்ல சம்பந்தி. பட்டினி."

"பரிசோதனை."

"என்னங்க, பரிசோதனை முடியறதுக்குள்ள அவர் ஆவியாயிடப் போறார்," என்றாள் மனைவி, தரையைத் துடைத்தபடி.

பெட்டியில் ஐம்பத்தொன்று. தகட்டில் தூசி இருக்கும் என்று ஐயாவுக்குப் பட்டது. மாடிக்கு ஏறித் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார். தகடு பளபளத்தது. அழுக்குத் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, கொடியில் காய்ந்த துணிகள் எல்லாவற்றையும் மறுபடி நனைத்தது. தொட்டியும் காலி.

"குடிக்கத் தண்ணி?" என்றார் சம்பந்தி.

"அஞ்சு மணிக்கு மேல," என்றாள் மனைவி, கணவனைப் பார்த்து.

"மோட்டாரைப் போட்டுடட்டுமா?" என்று மகள் பரணைப் பார்த்தாள்.

"வேண்டாம் வேண்டாம்!" சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார். "எனக்குத் தாகமே இல்ல. வெயில்ல யாரும் பின்பக்கம் போகாதீங்க."

எதிரிக்கும் இவ்வளவு அக்கறையா என்று மீட்டர் ஐயா நெகிழ்ந்துபோனார்.

மூன்றரைக்குப் பெட்டியில் இருபத்திரண்டு. வீட்டில் ஓடுவது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். அதுவும் செல் போட்டது. ஐயா முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பதினொன்றும் சரியாக இருந்தன. மனைவியின் கைப்பேசியைக்கூட வாங்கி அணைத்து வைத்தார்.

"எதுவுமே ஓடல. அப்போ யாருப்பா திங்கறாங்க?" என்றாள் மகள்.

சம்பந்தி இருமினார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "போனா போகுது, மெயினைப் போடுங்க சம்பந்தி. பந்தயம் சமம்னு வச்சுக்கலாம்."

"எங்க குடும்பத்துல சமம் கிடையாது. ஜெயிக்கணும், இல்ல தோத்தேன்னு வாயால சொல்லணும்."

நான்கு ஐம்பதுக்குப் பெட்டியில் ஒன்று. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அதுவும் அணைந்தது.

மீட்டர் ஐயா சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டார். தோற்றாலும் தளர்ந்து தோற்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

"தோத்தேன் சம்பந்தி. பேட்டரிதான் தோத்தது, வெயில் தோக்கல. அதை இப்பவும் சொல்லுவேன். ஆனா வாக்கு வாக்குதான்."

"அப்பா..." மகள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏணியைப் பிடி."

சம்பந்தி குறுக்கே வந்தார். முகத்தில் வியர்வை வெயிலால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. "கழட்டாதீங்க. நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்."

"நான் பேச்சுக்குச் சொல்லல. வழி விடுங்க."

மீட்டர் ஐயாவின் ஒரு கால் ஏணியின் முதல் படியில் இருந்தது. அப்போது பின்கதவு திறந்தது. நாள் முழுக்க மரநிழலில் தூங்கி எழுந்த டிரைவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே சம்பந்தியைப் பார்த்துத் தலையை நீட்டினார்.

"ஐயா, தோட்டத்து பிளக்ல இப்பதான் கரண்ட் நின்னுது. கவலைப்படாதீங்க, காலையில ஷோரூம்லேருந்து எடுக்கறப்போ கிட்டத்தட்ட காலியா இருந்த நம்ம புது பேட்டரி கார் தொண்ணூத்தெட்டு ஏறிடுச்சு, தாராளமா வீடு போய்ச் சேந்துடலாம்!"