குளோரோபாரமும் எண்ணெய்க்கடை மூக்கும்

நான் ஒரு மடையன். இதற்கு மூன்று பேர் சாட்சி. ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். இன்னொருவர் மேலப்பாளையத்தில் தறி நெய்கிறார். மூன்றாமவர் இந்த ஜில்லாவிலேயே டாக்டராக இருக்கிறார். (அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டியது. ஏன் உட்காரவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.)

நான் மெட்ரிகுலேஷன் தேறிய வருஷம் அது. அப்பாவுக்குத் திருநெல்வேலி டவுனில் நல்லெண்ணெய்க் கடை. பரீட்சை முடிவு வந்த அன்றே, எனக்கென்று கடையில் ஒரு புதுப் பலகையைப் போட்டுவிட்டார். அந்தப் பலகையில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஜில்லா போர்டு வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மெட்ரிகுலேஷன் தேறிய ஒரு பையனைப் பட்டணத்து வைத்தியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப உபகாரச் சம்பளம் தருவார்களாம். ஒரே ஓர் இடம்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நான் டாக்டராகிவிட்டேன். வில்வண்டியில் ஆற்றோரமாகப் போகிறேன். இரண்டு பக்கமும் மருதமரம். இலைகளுக்குள்ளிருந்து வெயில் சொட்டுச் சொட்டாக என் வெள்ளைத் தொப்பியின்மேல் விழுகிறது. நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். காய்ச்சல்காரர்கள் தொப்பி தெரிந்ததுமே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறார்கள். (அவர்களுக்கு என்ன மருந்து கொடுத்தேன் என்பது மட்டும் கடைசிவரை கனவில் வரவில்லை. தொப்பி ரொம்பத் தெளிவாக வந்தது.)

மனு இங்கிலீஷில் எழுத வேண்டும். என் இங்கிலீஷ் அப்பாவுக்கு மட்டும்தான் இங்கிலீஷ். ஆகவே என் வகுப்புத் தோழன் ஞானமுத்துவைத் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து காலமானவர். ஞானமுத்து ஒரு கேள்வியும் கேட்காமல், ஏழை எளியவர்களின் துன்பம் கண்டு என் இருதயம் உருகுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். வாசித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

பத்துப் பதினைந்து பேர் மனுப் போட்டதில் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒன்று நான். இன்னொன்று ஞானமுத்து!

"ஏலே, நீயும் மனுப் போட்டியா? சொல்லவே இல்லயே!"

"நீ கேக்கலயேலே."

பையனைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் ஆசுபத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை. அவருக்கு ஒரு பழைய வருத்தம் இருந்தது. முன்பு உபகாரச் சம்பளம் வாங்கிப் போன பையன்கள் முதல் மாதம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஓடிவந்துவிட்டார்களாம். அதனால் இந்த முறை, ஒரு காலைப்பொழுது ரணசிகிச்சை அறையில் எவன் நின்று காட்டுகிறானோ அவனுக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டார்.

ரத்தம்தானே? ஒரு வாரம் தினமும் கறிக்கடை எதிரில் போய் நின்று பழகினேன். நாங்களோ சுத்த சைவம். மூன்றாம் நாள் ஒருவர் எங்கள் கடையேறி வந்து, "அண்ணாச்சி, உம்ம மவன் கறிக்கடையில கண்ணெடுக்காம நிக்கான், கவனியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டில் எனக்கு இலை தனியாகப் போட்டார்கள்.

குறித்த நாள் காலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஆசுபத்திரிக்குப் போனேன். மேசைமேல் மேலப்பாளையத்துத் தறிக்காரர் மீரான் சாயபு படுத்திருந்தார். தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. துரை கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஞானமுத்துவிடம் வெந்நீர்ப் பாத்திரம். என்னிடம் கம்பவுண்டர் ஒரு சின்னப் போத்தலையும் மடித்த துணியையும் கொடுத்தார்.

"இது குளோரோபாரம். துரை சொல்லும்போது துணியில சொட்டு விட்டு எங்கிட்ட நீட்டணும். வேற ஒண்ணும் செய்யப்படாது."

இங்கே எங்கள் கடை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடையில் எந்தச் சரக்கும் மோந்து பார்க்காமல் கைமாறாது. துணியில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கையாலும் மூக்கோடு பொத்தி, கண்ணை மூடி, மூன்று முறை நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். முதல் மூச்சில் எள்ளின் வயசு தெரியும், இரண்டாவதில் கலப்படம் தெரியும், மூன்றாவதில் விலை தெரியும். நடக்கப் பழகிய நாள் முதல் செய்த வேலை இது. என் மூளையைக் கேட்காமலே என் கை செய்துவிடும்.

துரை தலையசைத்தார். நான் துணியை நனைத்தேன். நீட்டுவதற்கு முன்னால், பரம்பரை வழக்கப்படி, மூக்கில் பொத்தினேன்.

முதல் மூச்சில் லேசான தித்திப்பு. சரக்கு நயம் என்று நினைத்தேன். இரண்டாவதில் சுவர் மெதுவாக இளகியது. மூன்றாவதில் தாமிரபரணி வாசல்படியேறி உள்ளே வந்துவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீர். என் முழங்கால் வரைக்கும் வந்து, பிறகு என்னைப் பூப்போலத் தூக்கிக்கொண்டது. துரையின் தொப்பி பெரிதாகி ஒரு பரிசலாயிற்று. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரில் மீரான் சாயபு தறியில் இழை ஓட்டும் நாடாக்கட்டையைத் துடுப்பாகப் பிடித்து வலித்துக்கொண்டிருந்தார். மருதமரங்கள் தண்ணீரில் தலைகீழாக நடந்து வந்தன. ஆறு முழுக்க எள்ளுப்பூ வாசனை. கொற்கைப் பக்கம் பழைய காலத்துக் கப்பல் ஒன்று நின்றது. அதன் தட்டில் ஒரே ஒரு நாற்காலி. யாரோ தண்ணீருக்கடியிலிருந்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். அவ்வளவு இனிமையான இடத்தில் யாரால் பொய் சொல்ல முடியும்?

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அறையில் நடந்ததைப் பிற்பாடு கம்பவுண்டர் (இன்று அவர் இல்லை, இருந்தால் நாலாவது சாட்சி) சொன்னார். நான் சாய்ந்தபோது ஞானமுத்து பாத்திரத்தை வைத்துவிட்டுப் பாய்ந்திருக்கிறான். முதலில் போத்தலைப் பிடித்து மூடியிருக்கிறான். மிச்சமிருந்த கையால் என் சட்டையைப் பிடித்திருக்கிறான். மீரான் சாயபு மேசையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "யாரவே அறுக்கப் போறாவ? என்னையா, இவரையா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாயபு, பைய வலியும், தண்ணி தெறிக்குது" என்றேனாம்.

குனிந்து என் நாடியைப் பிடித்த துரை, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாராம். தண்ணீரென்று கேட்டால் கொடுக்கலாம் என்ற நல்லெண்ணத்தில்தான். (துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.)

"எனக்குத் தொப்பிதான் வேணும்" என்று நான் அமைதியாகச் சொன்னேனாம். "படிப்பெல்லாம் வேண்டாம். ரத்தமும் வேண்டாம். அதை ஞானமுத்துக்குக் குடுத்திருங்க. என் மனுவ எழுதினதே அவன்தான். உருகுனது அவன் இருதயம். என்னுது கடையிலதான் இருக்கு."

நான் கண் விழித்தபோது கட்டி எடுத்தாகிவிட்டது. சொட்டு விட்டவன் ஞானமுத்து. ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் தோளில் கட்டோடு சாயபு கிடந்தார். வாசலில் துரை இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் ஞானமுத்து நின்றான். அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. எனக்காவது பலகை காத்திருந்தது. அவனுக்கு இந்த உபகாரச் சம்பளம் போனால் வேறொன்றும் இல்லை. என் வாயால் அவன் பிழைப்பும் போகிறதே என்று அப்போதுதான் எனக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்தது.

"இரண்டும் நீ எழுதினாயா?"

"ஆமா, சார்."

"போட்டிக்கு வருகிறவனுக்கு ஏன் எழுதிக் கொடுத்தாய்?"

"அவனுக்கு எழுத வராது, சார்."

 துரை என் மனுவை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞானமுத்துவின் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

விஷயம் எனக்கு முன்னால் பாலத்தைக் கடந்து கடைக்குப் போய்விட்டது. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. எண்ணெய்க் கைகளைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரக்கு எப்படி?"

"கலப்படமில்லப்பா."

"பொறவென்ன, உக்காரு."

உட்கார்ந்தேன். இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யார் பகலில் கண்ணயர்ந்தாலும், என் கடைசிப் பெண் உட்பட, எல்லாரும் சேர்ந்து, "சாயபு, பைய வலியும்!" என்று கத்துவார்கள். மீரான் சாயபு எண்ணெய் வாங்க வரும்போதெல்லாம், "தம்பி, துணிய மட்டும் எடுக்காதிய" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவார்.

போன வருஷம் எனக்கு விரலில் நகச்சுற்று வந்து, வலி தாங்காமல் டாக்டர் ஞானமுத்துவிடம் போனேன். (இரண்டு பேருக்கும் பிள்ளைகுட்டி ஆகிவிட்டதால் பழைய 'லே' போய் 'வே' வந்திருக்கிறது.) சுவரில் ஆணியில் அவருடைய வெள்ளைத் தொப்பி தொங்கியது. விரலைப் பார்த்துவிட்டு, கீறித்தான் ஆகவேண்டும் என்றார்.

நான் தொப்பியையே பார்த்துக்கொண்டு, "வலி தெரியாம இருக்க, குளோரோபாரம் கொஞ்சம் குடுப்பீராவே?" என்று கேட்டேன்.

அவர் கத்தியைத் துடைத்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"போத்தல நான் பிடிச்சுக்கிடுதேன்."