இரத்த அறிக்கையில் ஏறிய பேய்

கண்டியில் அந்த மாதம் இரத்தம் பரிசோதிக்க வந்தவர்களைவிடப் பேய் பார்க்க வந்தவர்களே அதிகம். மகேந்திரராசா டொக்டரின் பரிசோதனை நிலையத்துக்கு முன்னால் விடியும்போதே வரிசை. வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள், மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்தார்கள், அக்குறணையில் கடையைப் பூட்டிவிட்டும் வந்தார்கள்.

பேய் எங்கே? அறிக்கைத் தாளில்! புதிய கம்பியூட்டர்கள் வந்த நாள் முதல், அச்சாகும் அறிக்கையில் வரிக்கு வரி முன்னால் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ‘e’ என்றோர் எழுத்து. யாரும் தட்டவில்லை, ஆனால் வருகிறது. சனம் சும்மா விடுமா? அந்தக் குறி விழுந்த ஆளுக்கு ஆயுள் குறைச்சல் என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு.

பேய் வந்தபின் சாமி வராமல் இருப்பாரா? ராஜலிங்கம் சாமி வந்தார். டொக்டரே கதிரை போட்டுக் கொடுத்தார். சாமி மெஷினுக்குத் திருநீறு பூசுவார், தேசிக்காய் வெட்டுவார், கற்பூரம் கொளுத்துவார்.

“எல்லாரும் கண்ண மூடுங்க! தொறந்தா பேய் ஒங்க மேல தாவிரும்!”

மூடுவார்கள். திறக்கும்போது பிரின்டர் சுத்தமான அறிக்கைகளைத் துப்பிக்கொண்டிருக்கும். சனம் சாமி மந்திரித்துத் தந்த நூலைக் கையில் கட்டிக்கொண்டு தட்டில் காணிக்கை போடும். மறுநாள் காலை குறி திரும்பிவிடும், சாமியும் திரும்பிவிடுவார். இருவருக்கும் அப்படியோர் ஒற்றுமை!

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவள் நிலையத்தில் வேலை பார்த்த கமலாசனி. யாழ்ப்பாணத்துப் பெண். அறிக்கையை அச்சிடும்படி கம்பியூட்டருக்குக் கட்டளை சொல்லும் ஷெல் ஸ்கிரிப்டை எழுதியவள் அவள்தான். பழைய மெஷினில் ஒழுங்காக ஓடிய அதே ஸ்கிரிப்ட் புதியதில் ஏன் உளறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாமியோ சுலபமாகச் சொல்லிவிட்டார்: “இது வடக்கேயிருந்து ஒரு பொம்பளையோட கைப்பையில ஏறி வந்த பேய்ங்க!”

வடக்கில் யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். சோதனைச் சாவடியில் யாழ்ப்பாண அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். டொக்டர் அவளைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, சனம் கதைக்குது, ஏதோ ரகசியக் குறியாம். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள இது நிக்காட்டி நான் பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும். இல்லாட்டி என்னையும் சேர்த்துப் பிடிப்பாங்கள்.”

“ஐயா, படிச்ச நீங்களும் பேயை நம்பிறியளோ?”

“நான் நம்பேல்லை. ஆனா சாமி வந்தா நிண்டுபோகுதே!”

அதுதான் அவளுக்கும் இடித்தது. அன்றைய பூசையில் எல்லோரும் கண்ணை மூட, அவள் மூடவில்லை. பேய் தாவவில்லை. சாமியின் விரல்தான் கீபோர்டில் தாவியது. ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் ‘பாஷ்’ என்றொரு சொல்லைத் தட்டி என்டரை அழுத்தினார். அட பாவி மனிசா! கமலாசனிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“சாமி, இன்னொருக்கா செய்யுங்கோ. மந்திரத்தை நீங்கள் சொல்லுங்கோ. கீபோர்ட் என்ர மடியில இருக்கட்டும்.”

“அதெப்படிம்மா? தொட்டாத்தான் சக்தி எறங்கும்.”

வரிசையில் நின்ற அக்குறணைக் கடைக்காரர் றிஸ்விக்குப் பொறுக்கவில்லை. “பேய் தாள்லெ தானே இரிக்கி? கீபோர்ட் என்னத்துக்கு? செல்லுங்க சாமி மந்திரத்தெ!”

சாமி சொன்னார். தொண்டை வறளச் சொன்னார். தேசிக்காய் மூட்டையே காலியானது. கமலாசனி ஸ்கிரிப்டை வழக்கம்போல ஓடவிட்டாள். வரிக்கு வரி கோடு, வரிக்கு வரி எழுத்து. பேய் சுகமாக இருந்தது. பிறகு மந்திரமும் இல்லாமல், கற்பூரமும் இல்லாமல், அவள் ‘பாஷ்’ என்று சேர்த்துத் தட்டினாள். சுத்தமான அறிக்கை வந்து விழுந்தது.

“கம்பியூட்டர் வகுப்பு எங்க படிச்சனீங்கள் சாமி?”

சாமிக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“பிழை என்ர ஸ்கிரிப்டிலதான், ஐயா,” என்றாள் டொக்டரிடம். “பழைய மெஷினில ‘எஸ்எச்’ எண்டு கூப்பிட்டா, கட்டளையை வாசிக்கிற பாஷ்தான் எழும்பி வரும். புதுசில அதே பேரில வேற ஆள் இருக்கிறார். ‘எக்கோ’ எண்டா எழுதிக் காட்டு எண்டு அர்த்தம், அதுக்குப் பக்கத்தில நான் போட்ட கோடும் எழுத்தும் பாஷுக்குக் கட்டளை. இவருக்கு அது விளங்காது, அப்பிடியே அச்சடிச்சுப் போடுறார்.”

‘எக்கோ’ இருந்த இடமெல்லாம் எந்த மெஷினுக்கும் விளங்கும் ‘பிரின்ட்எஃப்’ஐப் போட்டாள். ஸ்கிரிப்ட் புதிய மெஷினில் ஓடியது, மூலையில் கிடந்த பழையதிலும் ஓடியது, டொக்டரின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியிலும் ஓடியது. எங்கும் குறி இல்லை. டொக்டர் தலையைக் குனிந்தபடி, “மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை” என்றார்.

வரிசையில் நின்ற மடுல்கெல்லத் தோட்டத்து மூக்காயி தன் அறிக்கையை நீட்டினாள். “அப்ப எனக்கு ஆயுசு கொறையாதாம்மா?”

“சீனி கூடிக் கிடக்கு அம்மா. நூலைக் கழட்டிப்போட்டு மருந்தைக் குடியுங்கோ.”

சாமி எப்போதோ பின்கதவால் போய்விட்டார். இப்போது கட்டுகஸ்தோட்டையில் கைத்தொலைபேசிப் பேய் ஓட்டுகிறாராம். அங்கேயும் கூட்டமாம், இறுக மூடிய கண்களோடு நிற்கிறார்களாம். மகா சனங்களே! உங்களைக் கண்ணை மூடச் சொல்கிறவன் எவனோ, அவனுடைய கையை அல்லவா நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்?