கத்திரிக்காய்த் தொக்கு – ஒப்புதல் கோருதல் – தொடர்பாக

1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, பாலக்கோட்டில் இன்னாசியின் வீட்டு விருந்துக்கு மூன்று அடுப்புகளிலிருந்து தொடுகறி வந்தது. மூன்றும் உருளைக்கிழங்கு வறுவல். வீணாகக் கூடாது என்று மூன்றையும் ஒரு வாரம் வைத்துத் தின்று தீர்த்தார்கள். அதன் விளைவாகப் புத்தாண்டுப் பூசையில் அந்தக் குடும்பம் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஆறடிக்கு யாரும் உட்காரவில்லை.

வேறு வீடாக இருந்தால் அடுத்த வருஷம் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டு சமைத்திருப்பார்கள். ஆனால் இன்னாசி அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர் மட்டுமல்ல, ஒரு சர்க்கார் ஆபீசில் தலைமை எழுத்தரும்கூட. பேசித் தீரக்கூடிய எதையும் அவர் பேசித் தீர்த்ததில்லை.

மறு வருஷம் டிசம்பர் முதல் தேதி, மாரண்டஹள்ளியில் இருந்த அவருடைய தங்கை சகாயமேரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது.

'பொருள்: கிறிஸ்துமஸ் விருந்து – தொடுகறி – முன் அனுமதி பெறுதல். பார்வை: சென்ற ஆண்டு உருளைக்கிழங்கு. எந்தப் பண்டமும் உரிய ஒப்புதல் இன்றி அடுப்பேறலாகாது. விண்ணப்பம் மாதிரியுடன் மூன்று பிரதிகளில் வந்து சேர வேண்டும். தவறினால் வெறுங்கையுடன் வரவும்.'

கடைசி வரிதான் சகாயமேரிக்குச் சுருக்கென்றது. பொறந்த வூட்டுக்கு வெறுங்கையோடு போவதா? மொரப்பூரிலிருந்து சின்ன அண்ணி தங்கம்மாள் பாத்திரத்தோடு வந்து இறங்க, இவள் கையை வீசிக்கொண்டு போய் நிற்பதா?

"போகாமயே இருந்துடலாம்" என்றான் புருஷன் சவரியப்பன்.

"அப்பிடி விட்டா அடுத்த வருசம் கூப்புடவே மாட்டாங்க. நான் தொக்கு பண்ணத்தான் போறேன்."

கத்திரிக்காய்த் தொக்கு என்றால் மேரிதான். அவள் எண்ணெய் பிரிய வதக்கி இறக்கினால் தெருவில் பாதிப்பேர் ஏதாவது கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். விண்ணப்பத்தைக் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதி, ஒரு டிபன் பாக்ஸில் தொக்கு நிரப்பி, பஸ் கண்டக்டர் கோவிந்தனிடம் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலமே பாக்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: 'விண்ணப்பம் மூன்று பிரதிகள் உள்ளன. மாதிரி மூன்று பிரதிகள் இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.'

விண்ணப்பம் திரும்பி வந்தது. தொக்கு வரவில்லை.

மேரி மூன்று டிபன் பாக்ஸ் அனுப்பினாள். அலுவலகப் பிரதியை இன்னாசி காலையில் தோசைக்குத் தொட்டுக்கொண்டார். ஒப்பீட்டுப் பிரதியைச் சோற்றில் பிசைந்து ஒப்பிட்டார். கோப்பில் வைக்க வேண்டிய பிரதி ஊசிப்போகும் என்பதால் அதையும் வயிற்றிலேயே வைத்தார். பிறகு எழுதினார்: 'உப்பு சற்றுக் கூடுதல். விளக்கம் கோரப்படுகிறது. விளக்கத்துடன் புதிய மாதிரி இணைக்கவும்.'

ஒப்புதல் கொடுத்துவிட்டால் தொக்கு வருவது நின்றுபோகும் என்று இன்னாசி நினைத்ததாகச் சொன்னால் அது அபாண்டம். அவர் நேர்மையான மனிதர். அவர் நினைக்கவில்லை, அவருடைய நாக்கு நினைத்தது.

இதற்கிடையே தங்கம்மாளின் விண்ணப்பம் ஒரே நாளில் பாஸாகிவிட்டது. அவள் கேட்டிருந்தது 'ரஷ்யன் சாலட்'. வெள்ளைக் குழம்பில் புரட்டிய காய்களைப் படம் பிடித்து வாரப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மொரப்பூரில் அப்போது அதைப் பண்ணாத வீடு நாகரிகம் தெரியாத வீடு என்று தங்கம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காயா, கறியா, சூடா, ஆறியதா என்று இன்னாசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத ஃபைலில் கேள்வி கேட்டால் விளங்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே 'மிகவும் ஏற்புடையது' என்று கையெழுத்துப் போட்டார்.

இருபதாம் தேதி மேரி பொறுமை இழந்து, பஸ் ஏறி, பாலக்கோட்டுக்கே போனாள். அன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்த அண்ணன் முன்கூடத்தில் பனியனோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என் தொக்கு..."

இன்னாசி காதில் விழாததுபோலக் காபியை ஆற்றினார். பெரியண்ணி ரோசம்மாள் மேரியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அண்ணன் இருக்கறாரு மேரி. அதிகாரி இன்னும் வரலை. பத்து மணிக்குத்தான் வருவாரு."

பத்தடித்ததும் இன்னாசி எழுந்து உள்ளே போய், சட்டை மாட்டி, பேனா சொருகி, அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன விசயமா வந்தீங்க?"

பாவாடை கட்டிய காலத்திலிருந்து தன்னை 'ஏ புள்ளே' என்று கூப்பிட்ட அண்ணன் 'ங்க' போட்டதும் மேரி தன்னையறியாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கத்திரிக்காத் தொக்குங்க."

"அதுல ஒரு சிக்கல் இருக்குது. கத்திரிக்கா தோட்டத்துல வெளையுது. புளி மரத்துல காய்க்குது. ரெண்டும் வேற வேற எடம். ரெண்டு எடத்துலயும் ஆட்சேபனை இல்லைன்னு எழுதி வாங்கியாரணும்."

"யாருக்குங்க ஆட்சேபனை? கத்திரிக்காய்க்கா?"

"அதை நான் எப்பிடி முன்கூட்டிச் சொல்ல முடியும்? விசாரிச்சாத்தான் தெரியும்."

ஊருக்குத் திரும்பிய மேரி, தோட்டக்கார மாதப்பனிடம் போய் நின்றாள். மாதப்பன் தலையைச் சொறிந்தார். "எம்மா, இத்தன வருசமா காய் விக்கறேன். காயிகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு எனக்குத் தோணலையே" என்று வருத்தப்பட்டு, 'எங்கள் தோட்டத்துக் கத்திரிக்காய்க்குச் சமைக்கப்படுவதில் எந்த ஆட்சேபனையும் இல்லை' என்று அவள் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்தார். புளிக்கு மரத்தைக் குத்தகை எடுத்தவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் மரம் பூத்த பிறகுதான் தன் குத்தகை, அதற்கு முந்தின அபிப்பிராயங்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கோவிந்தன் பஸ்ஸை நிறுத்தி, "மேரியக்கா, வந்துருச்சு!" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒப்புதல். கடுகு வெடிக்கும் ஓசை அக்கம்பக்கத்தாருக்கு இடையூறாக இருத்தல் கூடாது.' மேரி கதவு, சன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு தாளித்தாள். கண்ணெரிச்சலில் தண்ணீர் கொட்டியது. பாதி அது ஆனந்தக் கண்ணீர்.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் பாலக்கோட்டில் கூடினார்கள். இலை போட்டாயிற்று. தொக்கு வந்தது. தங்கம்மாளின் சாலட் இரண்டு பஸ் மாறி வெயிலில் வந்ததில் தளர்ந்து, சுவருக்கு அடிக்கக் கரைத்த சுண்ணாம்புபோல இருந்தது. எல்லாரும் ஒரு வாய் வைத்துவிட்டு "ரொம்ப மாடர்னா இருக்குது" என்று பாராட்டினார்கள். இரண்டாவது கரண்டி யாரும் கேட்கவில்லை.

இன்னாசி இலையில் தண்ணீர் தெளித்து, "ரோசம்மா, பிரியாணியக் கொண்டா" என்றார்.

"பிரியாணி இல்லைங்க."

இன்னாசி இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இல்லைன்னா?"

"ஆக்கலைங்க. ஒப்புதல் வரலை." ரோசம்மாள் அவர் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்து அவர் இலைமேல் வைத்தாள். "ரெண்டாந் தேதியே எழுதிக் குடுத்தேன். மூணு ஞாபகக் கடிதம் வெச்சேன். தெனம் உங்க காபி டம்ளரு அதுமேலதான் இருந்துச்சு. எந்தப் பண்டமும் அடுப்பேறக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

முதல் பக்கத்தில் வட்ட வட்டமாகக் காபிக் கறை. இன்னாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு வேதனையாக இருந்தது.

கடைசியில் சவரியப்பன் சைக்கிளில் போய் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இருபத்தஞ்சு புரோட்டா வாங்கி வந்தான். கிழித்து, தொக்கில் புரட்டி, பத்தே நிமிஷத்தில் குண்டானை வழித்துவிட்டார்கள். குழந்தைகள் குண்டானுக்குள் கை விட்டன. மேரியின் முகம் மலர்ந்துவிட்டது.

வயிறு நிறைந்ததும் குடும்பம் நியாயம் பேச ஆரம்பித்தது. இன்னாசியிடமிருந்து பொறுப்பை எடுத்துவிட வேண்டியது என்று முடிவாயிற்று. சரி, பிறகு யார் பார்ப்பது?

"மேரியே பாக்கட்டும்" என்றார் மொரப்பூர் அண்ணன். "கஷ்டப்பட்டவளுக்குத்தான் அடுத்தவன் கஷ்டம் தெரியும்."

எல்லாரும் சரி என்றார்கள். மேரி எவ்வளவோ மறுத்தாள். "இதென்னங்க பெரிய வேலை? ஒரு வார்த்த பேசி வெச்சுக்கிட்டாப் போதுமே" என்றாள். அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி கொஞ்சம் உயரம். அதிலிருந்து பார்க்கும்போது எல்லாருடைய உச்சந்தலையும் நன்றாகத் தெரிந்தது.

தங்கம்மாள் எதிரே வந்து நின்றாள். மேரியை இத்தனை வருஷமும் 'அடியே' என்று கூப்பிட்டவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மேரி, ஈஸ்டருக்கு நான் கோழி வறுவல் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள்.

சரி என்று சொல்லத்தான் மேரி வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள்.

"இன்னிக்கு லீவு நாளுங்க" என்றது வாய். "ஆபீஸ் நாள்ல வந்து பாருங்க."