நிமிர்ந்த தேங்காய்க்குச் சான்று தேவை

குகதாசன் எழுதிய பத்தி மூன்றாவது முறையாகவும் காணாமல் போயிருந்தது.

இணையக் கலைக்களஞ்சியத்தில் 'நீரோட்டம் பார்த்தல்' என்றொரு கட்டுரை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக் காணியில் நடந்தால், அடியில் நீர் ஓடும் இடத்தில் அது தானாக எழுந்து நிற்கும். எந்தக் கை, குடுமி எந்தப் பக்கம், வெயில் எவ்வளவு ஏறியிருக்கவேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். உடையார்கட்டில் பாதிக் கிணறுகள் அவருடைய தேங்காய் சொன்னவை. மீதிப் பாதியையும் கேட்டு வெட்டியிருந்தால் தண்ணீர் கருப்பஞ்சாறாய் இனித்திருக்கும் என்பது அவருடைய அடக்கமான கருத்து.

அழித்தவர் பெயர் 'பகுத்தறிவு77'. காரணம், "சான்று இல்லை."

"மாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்," என்றான் தன் காணியில் கிணறு வெட்டவிருந்த மருமகன் தர்சன். "உங்கட பத்தி உதில நிண்டுதெண்டா நீங்கள் காட்டின இடத்தில கிணறு. இல்லாட்டி மெசினால நீர் பாக்கிறவை காட்டின இடம்."

தன் தேங்காய் பார்க்காத கிணற்றில் மகள் பிரியந்தினி தண்ணீர் அள்ளுவதா? குகதாசன் கைபேசியை எடுத்தார்.

'நாற்பத்துமூன்று கிணறு, நானே கண்ட சாட்சி' என்று எழுதினார். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: "சொந்த அனுபவம் செல்லாது."

கிணற்றுச் சொந்தக்காரர் ஏழு பேரைக் கூட்டிவந்து, தன் கைபேசியிலேயே ஏழு கணக்குத் திறந்து, 'உண்மை, உண்மை' என்று எழுதவைத்தார். பகுத்தறிவு77 மேலிடத்தில் முறையிட்டார். 'ஒரே ஆளின் எட்டு முகமூடிகள்' என்று எட்டுக் கணக்கும் பூட்டப்பட்டன. கட்டுரையின் தலையில், அதுவரை இல்லாத ஒரு பட்டை: 'போலி அறிவியல்'.

"விடுங்கோ அண்ணை," என்றார் சங்கிலி. வேப்பங்கவட்டை வைத்து நீர் பார்க்கிறவர். ஆறுதல் சொல்லவென்றே தண்ணீரூற்று ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். "அவன் கொழும்பில குளிர் அறைக்குள்ள இருக்கிற ஆளாயிருக்கும்."

"ஓம். போத்தல் தண்ணி குடிக்கிறவன்."

அன்று மத்தியானம் கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்த குகதாசனுக்கு வயலெல்லாம் கண்ணாடியாய்த் தெரிந்தது. அடியில் ஆயிரம் ஆறுகள் நந்திக்கடலை நோக்கி மெல்ல நடந்தன. தேங்காய்கள் குடுமி நிமிர்த்தி ஊர்வலம் போயின. கரையில் மூக்குக்கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் ஒவ்வோர் ஆற்றையும் அழிறப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். அழித்த இடமெல்லாம் தண்ணீர் கசிந்தது.

வெள்ளிக்கிழமை கிணறு வெட்டும் மெசின் வந்தது. பத்தி வரவில்லை. குகதாசன் தேங்காயைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் குந்தியிருந்தார். துணைக்கு வந்த சங்கிலி அவர் முகத்தைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார்.

"தம்பி, நிப்பாட்டச் சொல்லுங்கோ. அண்ணை காட்டின இடத்திலயே வெட்டுங்கோ."

தர்சன் கைபேசியை நீட்டினான். "உது போலியெண்டெல்லோ போட்டிருக்கு?"

சங்கிலி தலையைச் சொறிந்தார்.

"எந்தக் கை, குடுமி எந்தப் பக்கமெண்டு அண்ணை முழுக்க எழுதிப்போட்டார். ஊரெல்லாம் படிச்சால் பிறகு எங்களை ஆர் கூப்பிடுவினம்? உண்மையெண்டபடியாத்தானே தம்பி, நான் இருந்து இருந்து அழிச்சனான்."