பதினாறு மாங்காய் பார்டர்

சுரேஷ்கண்ணன் துண்டை எடுத்து மெதுவாக ஒற்றினார். அது தப்பாகப் போயிற்று. ஒற்றியதும் ‘பாண்டீஸ்வரி’ என்ற பெயரில் பாதி துண்டுக்கு வந்துவிட்டது. மிச்சப் பாதி ஏலக்காய் டீயோடு சேர்ந்து மாங்காய் பார்டர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

நல்ல அச்சு இப்படிக் கரையுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. டீத்தூள் கம்பெனிமேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடியும் ஒற்றினார். இப்போது அவர் பெயரும் போயிற்று.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே கல்யாணப் பத்திரிகை அது. நாளைக்குக் கல்யாண நாள். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் பாண்டீஸ்வரி அதைப் பீரோவிலிருந்து எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். பதினைந்து வருஷத்தில் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. இப்போது ஜெயமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் போடிக்கு வந்துவிடுவாள்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கும் ஆசையில்தான் அவர் அதை வெளியே எடுத்தார். பக்கத்தில் டீ டம்ளரை வைத்தவரும் அவரேதான்.

அந்தப் பத்திரிகையை வடிவமைத்தவரும் அவர்தான். கல்லூரியில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார்கள் கேள்வித்தாளும் ஆராய்ச்சிக் கட்டுரையும் அச்சுக்கோக்க ‘டெக்’ என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அதில் மௌஸுக்கு வேலையில்லை. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். தமிழ் எழுத்துக்கு ஒரு பேக்கேஜ், பார்டருக்கு ஒரு பேக்கேஜ் என்று ஒவ்வொன்றையும் கட்டளை போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். அந்தக் கட்டளையின் பெயர் டிஎல்எம்ஜிஆர். பாண்டீஸ்வரி அதைக் காதில் வாங்கிய நாளிலிருந்து, “உங்க எம்.ஜி.ஆர் வேலை முடிஞ்சுச்சா, சாப்பிட வாறீகளா?” என்றுதான் கேட்பாள்.

வருஷா வருஷம் பத்திரிகையைக் கையில் வாங்கி, “இந்த ‘ழ’வப் பாரு. டெக்கத் தவிர எதுலயும் இப்படி வராது” என்பார் சுரேஷ்கண்ணன். பாண்டீஸ்வரி “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு அச்சுக்கலை விளங்காது என்பது அவருடைய முடிவு.

அதனால் அவர் பெரிதாகக் கலங்கவில்லை. பழைய பென் டிரைவில் பைல் இருக்கிறது. ஒரு கட்டளை, ஒரு பிரிண்ட், நாலு மூலைக்கு மஞ்சள். பதினைந்து வருஷத்து மஞ்சளை ஐந்து நிமிஷத்தில் பூசிவிடலாம்.

பைலைத் திறந்ததும் வந்த வேலையையே மறந்துபோனார்.

டெக்கில் சதவீதக் குறி போட்டு எதை எழுதினாலும் அது அச்சில் வராது. எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த வயதில் சுரேஷ்கண்ணன் அந்தக் குறியைத் தாராளமாகப் போட்டிருந்தார். ‘பெரிய மாமா வேலுச்சாமி பேரு மேலே வரணும். பாண்டீஸ்வரி போனில் சொன்னது.’ அடுத்த வரியில், ‘இல்லை, நல்லகண்ணு மாமாதான் மேலே. மறுபடியும் போன்.’ இன்னும் கொஞ்சம் கீழே, ‘எதையும் மாத்தச் சொல்லலை. சும்மாதான் கூப்பிட்டாளாம். நாற்பது நிமிஷம்.’

நாற்பது நிமிஷம் என்னதான் பேசினோம்? யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தக் குரல் வந்தது. நல்லகண்ணு மாமா இப்போது இல்லை. அவர் அந்தப் போனில் பேசிய பழைய வீடும் கைமாறிவிட்டது. இப்போதெல்லாம் அவள் போன் செய்தால் நாற்பது விநாடியில் வைத்துவிடுகிறார். பத்திரிகையை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கட்டளையைத் தட்டினார். பார்டர் பேக்கேஜ் இல்லை என்று திரை சொன்னது. அதை வரவழைக்கப் பார்த்தார். உன் டெக் பழசு, முதலில் புதுசைப் போடு என்றது. புதுசைப் போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

பத்திரிகை வந்தது. எழுத்து ஒல்லியாக இருந்தது. கையிலிருந்த ஈரப் பத்திரிகையில் எழுத்து கொஞ்சம் தடிமன். மாங்காய்களை எண்ணினார். திரையில் பதினாலு, ஈரப் பத்திரிகையில் பதினாறு. அந்தப் பத்திரிகையை அவரோடு சேர்ந்து உருவாக்கிய ஆராய்ச்சிக்கால நண்பன் அஜய்குமாரைப் போனில் பிடித்தார்.

“மாப்ள, பேக்கேஜ எவனோ மாத்தி வச்சுட்டான். ரெண்டு மாங்காயக் காணோம்.”

“எதுக்குடா இப்பக் கல்யாணப் பத்திரிகை? மறுபடியும் கல்யாணமா?”

“கொலையே விழுகப்போகுது. வழியச் சொல்லு.”

“பழைய வருசத்துப் பேக்கேஜெல்லாம் நெட்டுல அப்படியே எடுத்து வச்சிருக்காங்கடா. நம்ம வருசத்தத் தேடிப் போடு. ஆனா மாப்ள, நம்ம போட்டது பதினாலு மாங்காதான்னு எனக்கு ஞாபகம்.”

“போடா. பத்திரிகையக் கையில வச்சுக்கிட்டுப் பேசுறேன். பதினாறு.”

புதுசை நீக்காமலே அதன்மேல் பழசைப் போட்டார் சுரேஷ்கண்ணன். ஒரே வீட்டில் இரண்டு சம்பந்தி குடியேறிய கதையாயிற்று. கல்யாணப் பத்திரிகை வரவேயில்லை. போதாக்குறைக்கு, நாளைக்குக் கல்லூரியில் கொடுக்க வேண்டிய கேள்வித்தாளைத் திறந்தால் கணக்குக் குறிகள் எல்லாம் வெறும் கட்டங்களாக நின்றன. எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். நிஜமாகவா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றார். நீக்கிவிட்டது. கேள்வித்தாளுக்கு அவர் சேர்த்து வைத்திருந்த பேக்கேஜ்களும் அதோடு போயின.

போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

“ஏங்க, தேனி வந்துட்டேன். அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துருறேன். சாப்பிட்டீகளா?”

“ம்... சாப்பிட்டேன்.” சாப்பிடவில்லை.

“பீரோவத் தொறந்தீகளா?”

அவர் எட்டிப் பீரோக் கதவைச் சாத்தினார். “நான் எதுக்குத் தொறக்கப் போறேன்?”

“தொறக்க வேணாம். நாளைக்குப் பத்திரிகைய நானே எடுத்துக்கிறேன். நீங்க வெளிச்சத்துல வச்சு ரொம்ப நேரம் பாக்காதீக. கண்ணுக்கு ஆகாது.”

எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தில் உயிரையே வைத்திருக்கிறாள். அதில்போய் டீயைக் கொட்டினோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

பழைய டெக்கை மட்டும் தனியாகப் போட்டார். கல்யாண வருஷத்துப் பேக்கேஜைப் போட்டார். பதினாலு மாங்காய். முந்தின வருஷத்தைப் போட்டார். பதினாலு. பிந்தின வருஷமும் பதினாலு. கடைசியில் பைலுக்குள் புகுந்து பதினாலைப் பதினாறு ஆக்கினார். மாங்காய்கள் வந்தன. அவற்றுக்கு இடம் விட்டு, பெண் வீட்டு அத்தைமார் ஐந்து பேரும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். அத்தைமாரைத் தனிப் பக்கத்தில் உட்கார வைத்த பத்திரிகையை ஜெயமங்கலத்தில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மணி நாலரை ஆகிவிட்டது. வேறு வழியில்லை. பென் டிரைவையும் ஈரப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினார்.

பஜாரில் ஞானதுரை டிடிபி கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பத்திரிகை அவர் கைவண்ணம்தான். இருபது வருஷமாகச் சுரேஷ்கண்ணன் அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. ஞானதுரை அடிக்கும் பத்திரிகையில் எழுத்துக்கு எழுத்து சந்து விடும் என்று வகுப்பிலேயே கேலி செய்திருக்கிறார். இன்றைக்கு எல்லா மானத்தையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

“அண்ணாச்சி, ஒரு உதவி. இது எங்க கல்யாணப் பத்திரிகை. டீ கொட்டிருச்சு. பாண்டீஸ்வரி பஸ்ல வந்துக்கிட்டிருக்கா. இதே மாதிரி ஒண்ணு வேணும்.”

ஞானதுரை பத்திரிகையை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஓரத்து மாங்காய்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“இதே மாதிரியேவா சார்?”

“ஆமா. எழுத்து, பார்டர் எல்லாம் அச்சு அசலா இருக்கணும். கஷ்டந்தான், எனக்குத் தெரியும். இது டெக்ல செஞ்சது. காலையிலருந்து மூணு வருசத்துப் பேக்கேஜ மாத்தி மாத்திப் போட்டும் எனக்கே வரல. உங்க சாப்ட்வேர்ல எங்க வரப்போகுது? முடிஞ்ச வரைக்கும் பாருங்க.”

ஞானதுரை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ ஒரு பைலைத் திறந்தார். திரை நிறையப் பதினாறு மாங்காய்கள் வந்து நின்றன.

“வராமப் போகுமா சார்? ஆறு வருசத்துக்கு முன்ன ஒரிஜினல்ல எண்ணெயக் கொட்டிட்டு, ‘அவுகளுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிருவாக, எப்படியாச்சும் இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்கண்ணே’ன்னு உங்க வீட்டம்மா அழுதுக்கிட்டே வந்து நின்னாக, அன்னைக்கு இத அடிச்சுக் குடுத்ததே நான்தான்!”