உன் பிறந்தநாளில் என் குதிகால்

ராட்டர்டாம் தெற்கு,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை தீனெக்காவுக்கு, அண்ணன் ஹௌப் எழுதுவது. குதிகால் நீங்கலாக நான் நலம். நீயும் மாப்பிள்ளை ருட்கரும் உங்கள் புல்தரையும் நலம்தானே?

உன் பிறந்தநாளில் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதியிருந்தாய். கேட்க மாட்டேன். எங்கள் தெரு டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை, அந்த அறையில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள், அதாவது இந்தப் பேட்டையில் கால் நகத்தைப் பார்க்க ஆள் உண்டு, காலைப் பார்க்க ஆள் கிடையாது. சர்க்கரை நோய்க்காரனான எனக்குக் குதிகாலில் புண், மாதக்கணக்கில் ஆறவில்லை. எந்த டாக்டருக்குப் போன் போட்டாலும் ஒரு பெண் எடுத்து, "புதுசா யாரையும் சேர்க்கிறதில்லைங்க, பாராசிட்டமால் போட்டுப் பாருங்க" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் குடும்ப டாக்டரின் சீட்டு எங்கே என்கிறார்கள். இந்த லட்சணத்தில் உன் வீட்டுக்கு வந்து, நம் ஊர் வழக்கப்படி வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கைகொடுத்து, நீ பிறந்ததற்கு ஒவ்வொருவரையும் வாழ்த்திக்கொண்டே வந்தால், கடைசி நாற்காலியில் உங்கள் குடும்ப டாக்டர்! மடியில் கேக்! சாக்ஸைக் கழற்றாமல் என்ன செய்வேன்?

"அண்ணா, சாக்ஸை மாட்டு. எல்லாரும் சாப்பிடுறாங்க" என்றாய் நீ.

அந்த மனுஷர் கூரையைப் பார்த்தபடி, "உங்க வீடு ஆத்துக்கு அந்தப் பக்கங்க. பதினஞ்சு நிமிஷத்துல வந்து சேர முடியாத வீட்டை நாங்க எடுத்துக்கிறதில்லை" என்றார்.

"வீட்டை யாருய்யா பார்க்கச் சொன்னா? காலு உங்க கேக்குக்குப் பக்கத்துல இருக்கு!"

கத்தினேன்தான். ருட்கருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் அன்றைக்கே ஓடி வருகிறவருக்கு, என்னைப் பார்க்க மட்டும் ஆறு குறுக்கே நிற்கிறதா? ஒரே ஊர், ஒரே காப்பீட்டுக் கட்டணம். வயிறு எரிகிறது தீனெக்கா. மன்னிப்பெல்லாம் கிடையாது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளையின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

கோபம் தணியாத அண்ணன்,
ஹௌப்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது அழைப்பு மணி. உங்கள் டாக்டர், மழையில் நனைந்த சைக்கிளோடு. "உங்க தங்கச்சி என்னை விடலைங்க" என்றார். மண்டியிட்டுக் காலைப் பார்த்தார், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தையே எடுத்திருப்பார்களாம். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மன்னித்துவிடு தங்கச்சி.

அவர் கிளம்பும்போது பக்கத்து வீட்டு நெல்சினா கதவைத் திறந்து, "டாக்டருங்களா? ரொம்ப நாளா இருமலுங்க, ரத்தமும் வருது, எனக்கும் கொஞ்சம்..." என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், போய்விட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தங்கை யாரும் இல்லை.